கானாடுகாத்தான் வீடு: தெர்மல் கேமரா படத்தை நம்பித் தளத்தை உடைக்கலாமா?

வளவுக்காரி
8 ஜனவரி, இரவு 9:20

வணக்கம். எங்கள் வீடு கானாடுகாத்தானில் இருக்கிறது. என் வீட்டுக்காரரின் ஐயா கட்டியது. பங்காளிகள் ஐந்து பேர், ஐந்து பேருமே வெளியூர். பராமரிப்புக் கணக்கு என் கையில் இருப்பதால் நான் எழுதுகிறேன்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டாங்கட்டு ஹாலின் மேல்தளம் ஒழுகியது. மேற்குச் சுவரில் காரை பொரிந்து கையளவு கையளவாக விழுந்தது. ஒரு நிறுவனத்தைக் கூப்பிட்டோம். வந்து தெர்மல் கேமராவில் (சூட்டை நிறமாகக் காட்டும் கேமரா) 26 படம் எடுத்துப் போனார்கள். ரிப்போர்ட்டைத் திறந்தால் வயிற்றைக் கலக்குகிறது. ஹால் தளம் முழுக்க ரத்தச் சிவப்பு. "தளம் முழுவதும் ஈரம் இறங்கிவிட்டது, பழைய மெட்ராஸ் டெரஸ் (மரச்சட்டத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட) தளத்தை உடைத்துவிட்டுக் கான்கிரீட் போட வேண்டும், சுவருக்கு சிமெண்ட் பூச்சு" என்று எழுதி, 14 லட்சத்துக்கு மதிப்பீடு கொடுத்திருக்கிறார்கள்.

பொங்கலுக்கு எல்லோரும் ஊருக்கு வருகிறோம். 18-ஆம் தேதி பங்காளிகள் கூட்டம். அன்றைக்கு முடிவு சொல்லியாக வேண்டும். ஐயா ரங்கூனிலிருந்து கப்பலில் கொண்டுவந்த தேக்கு அந்தத் தளத்தில் இருக்கிறது. உடைத்துவிட்டால் திரும்ப வராது. கேமரா பொய் சொல்லாது என்கிறார்கள். நீங்கள் சொல்லுங்கள்.

சூட்டுப்படம்
8 ஜனவரி, இரவு 10:05

ஆச்சி, கூட்டத்துக்கு முன்னால் எதற்கும் சம்மதம் சொல்லிவிடாதீர்கள். நான் காரைக்குடியில் இருந்துகொண்டு மில், கல்லூரி, மருத்துவமனை என்று மின்பலகைகளைத் தெர்மல் கேமராவில் பார்க்கிற வேலை 11 வருடமாகச் செய்கிறேன். கட்டடமும் பார்ப்பதுண்டு. மூன்று விஷயம் தெரிய வேண்டும். படம் எடுத்தது எத்தனை மணிக்கு? அன்று வெயிலா, மூடாப்பா? படத்தின் ஓரத்தில் ஒரு நிறப்பட்டை இருக்கும், அதன் மேலும் கீழும் இரண்டு எண்கள் இருக்கும். அந்த எண்கள் என்ன?

வளவுக்காரி
8 ஜனவரி, இரவு 10:40

மத்தியானம் 3:15. நல்ல வெயில் என்று வீட்டைப் பார்த்துக்கொள்பவர் சொல்கிறார். ஹால் தளத்தின் படத்தில் கீழே 29.2, மேலே 31.0 என்று இருக்கிறது. இப்போதுதான் கவனித்தேன், மேற்கு மூலையில் மட்டும் ஒரு நீலத் திட்டு இருக்கிறது, முறம் அளவுக்கு. அதைப் பற்றி ரிப்போர்ட்டில் ஒரு வரி கூட இல்லை.

சூட்டுப்படம்
9 ஜனவரி, காலை 6:15

அந்த இரண்டு எண்ணிலேயே பாதி பதில் இருக்கிறது. 31.0-க்கும் 29.2-க்கும் வித்தியாசம் 1.8 டிகிரி. கேமரா என்ன செய்கிறது என்றால், அதன் பார்வையில் இருப்பதில் அதிகச் சூடானதற்குச் சிவப்பு, குறைந்த சூட்டுக்கு நீலம் என்று தானாக நிறம் பிரித்துக்கொடுக்கிறது. 1.8 டிகிரியாக இருந்தாலும் 180 டிகிரியாக இருந்தாலும் அதே சிவப்பு, அதே நீலம். அந்தச் சிவப்பை அபாயக் குறியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. "இந்தப் படத்தில் இது கொஞ்சம் சூடு" என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் கிடையாது.

அடுத்தது. கேமராவுக்கு ஈரம் தெரியாது. சுவருக்குள்ளும் அது பார்ப்பதில்லை. மேல்பரப்பு விடுகிற அகச்சிவப்புக் கதிரை வாங்கி, அதிலிருந்து வெப்பநிலையைக் கணக்குப் போட்டுச் சொல்கிறது. கட்டடத்துக்குப் பயன்படும் கேமராக்கள் பெரும்பாலும் 8 முதல் 14 மைக்ரான் வரையுள்ள அலைகளை வாங்குபவை. ஈரம் என்பது அந்த வெப்பநிலையைப் பார்த்து மனிதர் செய்கிற ஊகம். அந்த ஊகம் சரியாக இருக்க வேண்டுமானால் ஈரமான இடம் எப்போது குளிரும், எப்போது சூடாகும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? பானையின் மேல் கசிகிற நீர் ஆவியாகும்போது பானையின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக 2,400 கிலோஜூலுக்கு மேல் சூடு வேண்டும். சுண்ணாம்புச் சுவரும் பானை போலத்தான், மூச்சு விடும். அதனால் வீட்டுக்குள்ளிருந்து பார்த்தால் ஈரமான தளம் சுற்றியிருப்பதைவிடக் குளிர்ந்திருக்கும். உங்கள் ரிப்போர்ட் சிவப்பை ஈரம் என்கிறது. வெயில் காய்கிற 3:15 மணிக்கு உள்ளிருந்து எடுத்த படத்தில் சிவப்பாக இருப்பது காய்ந்த தளம். சந்தேகப்பட வேண்டியது அவர்கள் விட்டுவிட்ட அந்த நீலத் திட்டு.

இதை உறுதியாகச் சொல்ல எனக்கு இன்னும் படங்கள் வேண்டும். ஒரு நீலத் திட்டை மட்டும் வைத்து நான் தீர்ப்புச் சொன்னால், அவர்கள் செய்ததைத்தான் நானும் செய்கிறேன் என்று ஆகும்.

பள்ளத்தூரான்
9 ஜனவரி, காலை 9:30

என் அனுபவம் வேறு. எங்கள் வீட்டில் 2011-இல் இதே பேச்சு வந்தது. பழசைக் காப்பாற்று என்று எல்லோரும் சொன்னார்கள், ஒட்டுப்போட்டோம். மூன்றாம் வருடம் தளத்தைத் தாங்கும் ஒரு மரச்சட்டம் இறங்கிவிட்டது. பிரித்துப் பார்த்தால் உள்ளே கரையான் தின்று, வெளியே தோல் மட்டும் தேக்காக நிற்கிறது. நல்லவேளை, அந்த நேரம் கீழே ஆள் இல்லை. அந்தப் பகுதியை இடித்துக் கான்கிரீட் போட்டோம், நான் அதற்காக வருத்தப்படவில்லை. ஏப்ரல், மே மாதம் அந்த அறையில் படுக்க முடியாது என்பது உண்மை. ஆனால் தலைக்கு மேல் என்ன இருக்கிறது என்ற பயம் இல்லாமல் படுக்கலாம்.

ஆச்சி, பழமை மேல் இருக்கிற பாசத்தில் ஆபத்தைக் குறைத்து நினைத்துவிடாதீர்கள். கேமராவில் கரையான் தெரியுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சூட்டுப்படம்
9 ஜனவரி, காலை 10:10

பள்ளத்தூர் அண்ணன் சொல்வது முக்கியமான விஷயம். தேக்குச் சட்டத்துக்குள் போன கரையானைத் தெர்மல் கேமராவை நம்பித் தேடக் கூடாது. தெரியாமல் போகத்தான் வாய்ப்பு அதிகம். ஆசாரியை வைத்து ஒவ்வொரு சட்டமாகத் தட்டிப் பார்ப்பதும், சுவருக்குள் போகிற முனையில் கூர்க்கம்பியால் குத்திப் பார்ப்பதும்தான் வழி. படம் நன்றாக இருந்தது என்பதற்காக அதை விட்டுவிடக் கூடாது.

அறை சூடாக இருப்பதற்கும் காரணம் உண்டு. மேலே விழும் வெயில் கனமான கட்டுமானத்தைக் கடந்து உள்ளே வர நேரம் எடுக்கும். நாலைந்து அங்குலக் கான்கிரீட்டை மூன்று நான்கு மணி நேரத்தில் கடந்துவிடும். செங்கல்லும் ஜல்லியும் தட்டோடுமாக (தட்டையான ஓடு) இருக்கிற பழைய தளத்தில் அது ராத்திரி எட்டு, ஒன்பது மணியாகும், அதுவும் மட்டுப்பட்டு வரும். நம் வீட்டு ஒன்றரை அடிச் செங்கல் சுவரைக் கடக்க அரை நாளுக்கு மேல்.

காரைச்சாந்து
9 ஜனவரி, மாலை 7:45

நான் சொல்லச் சொல்ல என் மகன் தட்டுறான். மூணு தலைமுறையா சுண்ணாம்பு வேலை, சொந்த ஊர் கொத்தமங்கலம் பக்கம்.

ஆச்சி, அந்தத் தளம் எப்படிப் போட்டதுன்னு தெரிஞ்சாத்தான் எங்க ஒழுகும்னு தெரியும். தேக்குச் சட்டத்துக்கு மேல செங்கல்லக் குத்தா நிறுத்தி, மூலைவாட்டத்துல சுண்ணாம்பு வெச்சு அடுக்கியிருப்பாங்க. அதுக்கு மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். கடுக்காய்த் தண்ணியும் கருப்பட்டித் தண்ணியும் தெளிச்சுத் தெளிச்சு, ஆளுக வரிசையா உக்காந்து மரக்கட்டையால நாள்கணக்குல தட்டுவாங்க. கட்டை பட்டா எம்பணும், அதுவரைக்கும் விடமாட்டாங்க. அதுக்கு மேல தட்டோடு. அப்படித் தட்டின தளம் நடுவுல ஒழுகுறது ரொம்ப அபூர்வம். ஒழுகுறது ஓரத்துல. கைப்பிடிச் சுவரும் தளமும் சேர்ற மூலை, மழைத்தண்ணி வெளிய போற தூம்பு வாய், பின்னாடி யாரோ ஓட்டை போட்டுக் குழாய் எறக்குன எடம். அரசங்கன்னு மொளச்ச எடம்.

சுவருக்கு சிமெண்ட் பூச்சு மட்டும் வேணாம். கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்றேன். பழைய சுவருக்கு அடியில இருந்து ஓதம் ஏறும். சுண்ணாம்புக் காரையா இருந்தா ஏறுன தண்ணி அங்கங்க வெளிய போயிரும். சிமெண்ட் போட்டு அடைச்சா வெளிய வர வழியில்லாம இன்னும் மேல ஏறும். மூணு அடியில நின்ன ஓதம் அஞ்சு அடிக்குப் போனத நான் கண்ணால பாத்திருக்கேன். உப்புப் பூத்து, சிமெண்ட்டு பலகையா பேந்து வரும்போது உள்ள இருக்கிற செங்கல்லோட தோலையும் பிச்சுக்கிட்டு வரும்.

தேவகோட்டை டொராண்டோ
9 ஜனவரி, இரவு 11:50

டொராண்டோவில் வீடுகளைச் சோதிக்கும் வேலை செய்கிறேன். இங்கே வெளியே மைனஸ் 10, உள்ளே 21. சூடு எந்த இடுக்கு வழியாக வெளியே போகிறது என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. உள்ளுக்கும் வெளிக்கும் குறைந்தது 10 டிகிரி வித்தியாசம் இருந்தால்தான் படம் தெளிவாக வரும் என்பது எங்களுக்கு முதல் பாடம். வாசலில் பெரிய விசிறியைப் பொருத்தி வீட்டுக்குள் 50 பாஸ்கல் அழுத்த வித்தியாசம் உண்டாக்கி, காற்று கசிகிற இடங்களைக் கேமராவில் பார்ப்போம்.

நம் ஊர் வீட்டுக்கு இந்த முறை பொருந்தாது. நடுவில் வானம் பார்த்த முற்றம் இருக்கிற வீட்டில் காற்றுக் கசிவைத் தேடி என்ன பயன்? காற்று வருவதற்குத்தானே முற்றம். பயிற்சிப் புத்தகங்கள் பலவும் குளிர்நாட்டு வீட்டுக்காக எழுதியவை. அங்கே சிவப்பு என்றால் சூடு கசிகிறது, அதாவது குறை. அந்தப் பழக்கத்தில் செட்டிநாட்டுத் தளத்தைப் பார்த்தால் வெயிலில் காய்கிற தளம் எல்லாமே குறையாகத் தெரியும். உங்கள் ரிப்போர்ட்டில் நடந்தது அதுதானோ என்று தோன்றுகிறது.

இன்னொன்று. சின்ன வயதில் எங்கள் ஆயா வீட்டுச் சுவரில் முகம் தெரியும். முட்டை வெள்ளைக்கரு கலந்து தேய்த்த பூச்சு. அந்தப் பளபளப்பில் உங்கள் உடம்புச் சூடும் கொஞ்சம் பட்டுத் திரும்பும். சுவரில் ஒரு சூட்டுத் தடம் தெரிந்தால் இரண்டடி நகர்ந்து பாருங்கள். தடமும் கூடவே நகர்ந்தால் அது நீங்கள்தான். பெல்ஜியம் கண்ணாடியும் அப்படியே, இந்த அலைகள் கண்ணாடியைத் தாண்டாது. ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே இருப்பதை இந்தக் கேமராவால் பார்க்க முடியாது.

கோட்டையூர் ஆச்சி
10 ஜனவரி, காலை 5:50

எனக்குக் கேமரா எல்லாம் தெரியாது அப்பச்சி. 52 வருடம் இப்படி ஒரு வீட்டில் இருந்திருக்கிறேன், இன்னும் இருக்கிறேன். ஒன்று கேட்கிறேன். மழை நின்று ஒரு மாதம் ஆகப் போகிறது. அந்த மூலை இன்னும் ஈரமாக இருக்கிறதா? தொட்டுப் பார்த்தீர்களா? மழைத் தண்ணீராக இருந்தால் இந்த மார்கழி வெயிலுக்கும் காற்றுக்கும் கொஞ்சமாவது காய்ந்திருக்க வேண்டும். காயவில்லை என்றால் தண்ணீர் வேறு எங்கிருந்தோ தினமும் வருகிறது. மாடியில் தொட்டி வைத்திருக்கிறீர்களா?

வளவுக்காரி
10 ஜனவரி, காலை 7:05

ஆச்சி, மாடியில் மேற்கு ஓரத்தில் ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி இருக்கிறது. ஆறு வருடம் முன்பு வைத்தது. மோட்டார் போட்டுவிட்டுத் தொட்டி வழிகிற சத்தம் கேட்டால் நிறுத்துவார்கள். வழிகிற தண்ணீர் தளத்தில்தான் விழுகிறது. இது எனக்குத் தோன்றவே இல்லை.

சூட்டுப்படம்
10 ஜனவரி, காலை 8:30

கோட்டையூர் ஆச்சி கேட்ட கேள்வியை நான்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

ஊருக்கு வரும்போது செல்போனில் மாட்டுகிற சின்னத் தெர்மல் கேமரா ஒன்றை யாரிடமாவது வாங்கி வாருங்கள். அதிலும் பார்க்கலாம், ஆனால் அதன் எல்லை தெரிந்திருக்க வேண்டும். 80-க்கு 60 புள்ளி உள்ள கேமராவில் படத்துக்கு மொத்தமே 4,800 புள்ளி. 15 அடி உயரத் தளத்தைத் தரையிலிருந்து பிடித்தால் ஒரு புள்ளி இரண்டு அங்குலம் வரை அடைத்துக்கொள்ளும். வெப்பநிலையை நம்பிச் சொல்ல மூன்றுக்கு மூன்று புள்ளியாவது வேண்டும். ஆகவே ஒரு சாணுக்குக் குறைந்த எதையும் அந்த உயரத்தில் அது சொல்லாது. ஏணி போட்டு அருகில் போய் எடுங்கள்.

எடுக்க வேண்டிய நேரம் இரண்டு. ஒன்று விடியற்காலை, வெயில் ஏறும் முன், ஹாலுக்குள்ளிருந்து. ஈரமான இடம் குளிர்ந்து தெரியும். மற்றது மாலை, பொழுது இறங்கி ஒரு மணி நேரம் கழித்து, மாடியில் ஏறி. அப்போது கணக்கு தலைகீழாக மாறும். நாள் முழுக்க வெயில் குடித்த தளம் பொழுது இறங்கியதும் ஆறத் தொடங்கும். காய்ந்த இடம் சீக்கிரம் ஆறிவிடும். அடியில் தண்ணீர் தங்கிய இடம் மெதுவாகத்தான் ஆறும், ஏனென்றால் அதே எடைக்குத் தண்ணீர் செங்கல்லைப் போல நாலைந்து மடங்கு சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் மாலையில் மாடியில் சூடாகத் தெரிகிற இடம் ஈரம் தங்கிய இடம். மேல்பரப்பு காய்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஆவியாதல் குறுக்கே வந்து படத்தைக் கெடுத்துவிடும். அன்று தொட்டியை வழியவிடாதீர்கள்.

நிறப்பட்டையைக் கையால் நிறுத்திவைத்துவிடுங்கள், எல்லாப் படத்துக்கும் 20 முதல் 32 வரை. அப்போதுதான் ஒரு படத்தின் சிவப்பும் இன்னொன்றின் சிவப்பும் ஒன்றாக இருக்கும்.

கையோடு மின்பலகையையும் ஒரு படம் எடுங்கள். எல்லோரும் வந்திருக்கும் ராத்திரி, மோட்டாரும் கிரைண்டரும் ஓடும்போது. கதவைத் திறந்து தள்ளி நின்று, எதையும் தொடாமல்.

பள்ளத்தூரான்
10 ஜனவரி, காலை 11:00

மாடியில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்திப் பார்த்தால் ஒரே நாளில் தெரிந்துவிடுமே? கான்கிரீட்டுக்கு அப்படித்தான் பார்த்தார்கள்.

காரைச்சாந்து
10 ஜனவரி, மத்தியானம் 1:20

வேணாம் அண்ணே. மரம் தாங்குற தளத்துல ஒரு நாள் முழுக்கத் தண்ணி கட்டினா, ஒழுகுற எடத்துல சட்டம் மொத்தமும் ஊறிப்போகும். பாரமும் ஏறும். குடத்துல மொண்டு ஒரு நேரத்துல ஒரு எடமா, தூம்புப் பக்கம் இருந்து ஆரம்பிச்சு ஊத்தணும். கீழ ஒரு ஆள் நின்னு பாக்கணும். ஒரு எடத்துக்கு அரை மணி நேரம். நான் 16-ஆம் தேதி அந்தப் பக்கம் வர்றேன், ஆச்சி சரின்னா வந்து பாக்குறேன்.

வளவுக்காரி
15 ஜனவரி, இரவு 8:50

மாடியில் 7:25-க்கு எடுத்த படங்களை ஏற்றியிருக்கிறேன். என் மைத்துனர் மகன் கேமராவைப் பிடித்தான், நான் எண்களை எழுதிக்கொண்டேன்.

பெரும்பாலான தளம் 23.5, 24. தொட்டிக்கு அடியிலிருந்து ஒரு நாக்கு போலச் சூடான தடம் 26.8-இல் தொடங்கி, மேற்குத் தூம்பு வரை போகிறது. நீளம் ஒன்பது அடி, அகலம் மூன்றடி இருக்கும். ஹாலின் நடுப்பகுதிக்கு மேலே ஒன்றுமே இல்லை, ஒரே நிறம். அந்த நாக்கின் மேல் குனிந்து உள்ளங்கையை வைத்தேன், தட்டோடு காய்ந்துதான் இருந்தது, ஆனால் பக்கத்து ஓட்டைவிட வெதுவெதுப்பு. கையாலேயே தெரிந்தது. தூம்பு வாயில் டார்ச் அடித்தோம். உள்ளே பாதி அடைத்திருக்கிறது, கைப்பிடிச் சுவரின் அடியில் அரச வேர் பென்சில் கனத்துக்கு ஓடுகிறது.

காலையில் 6:20-க்கு உள்ளிருந்து எடுத்தது: தளம் 24.6, மேற்கு மூலைத் திட்டு 22.7. ஆனால் அந்தத் திட்டு தூம்புக்கு நேர் கீழே இல்லை, ஐந்தாறு அடி தள்ளி இருக்கிறது. இது ஏன்?

மின்பலகை இப்போதுதான் எடுத்தோம். பழைய பீங்கான் ஃப்யூஸ் கேரியர் மூன்று. முதலாவது 35, இரண்டாவது 36, மூன்றாவது 78.

சூட்டுப்படம்
15 ஜனவரி, இரவு 8:54

ஆச்சி, மற்றதெல்லாம் பிறகு. இப்போதே மோட்டார், கிரைண்டர், ஏசி, அயர்ன் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். மெயினை அணையுங்கள். அந்த கேரியரைக் கையால் இழுக்காதீர்கள். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீசியனை இன்றைக்கே கூப்பிடுங்கள், அவர் பார்க்கும் வரை மெயினைத் திரும்பப் போட வேண்டாம். ஒரே மாதிரி மூன்றில் ஒன்று மட்டும் 40 டிகிரிக்கு மேல் அதிகம் என்றால் அங்கே பிடிப்பு தளர்ந்திருக்கிறது அல்லது கரிந்திருக்கிறது. ஓடுகிற கரண்ட் இரண்டு மடங்கானால் அங்கே உண்டாகும் சூடு நான்கு மடங்காகும். வீடு நிறைய ஆள் இருக்கிற ராத்திரி இது.

வளவுக்காரி
15 ஜனவரி, இரவு 10:35

மெயினை அணைத்து, எலக்ட்ரீசியன் வந்து பார்த்துவிட்டார். மூன்றாவது கேரியரின் வாய் கறுத்து, அடியில் இருக்கும் மரப்பலகை விரல் அகலத்துக்குக் கரிந்திருக்கிறது. அந்த லைனை மட்டும் துண்டித்துவிட்டு, மற்றதற்கு மின்சாரம் கொடுத்திருக்கிறார். பிள்ளைகள் அந்தப் பலகைக்கு இரண்டடி தள்ளிப் பாய் போட்டுப் படுத்திருந்தார்கள். நாளைக்குப் பலகையை மொத்தமாக மாற்றச் சொல்லிவிட்டேன். கூட்டம் வரை காத்திருக்கப் போவதில்லை.

சூட்டுப்படம்
16 ஜனவரி, காலை 6:40

நல்ல காரியம் செய்தீர்கள். இந்த இழையைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மின்பலகையை ஆள் இல்லாத வீட்டில் எடுத்தால் எல்லாம் ஒரே குளிர்ச்சியாகத் தெரியும். வழக்கமாக ஓடும் சுமையில் 40 சதவீதமாவது ஓடும்போது பார்க்க வேண்டும் என்பது எங்கள் வேலையில் உள்ள வழக்கம். ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கும் நம் ஊர் வீடுகளில் வருடத்துக்கு நாலு நாள், படைப்பு, கல்யாணம், பொங்கல் என்று திடீரென்று முழுச் சுமையும் ஏறும். கோளாறு அன்றைக்குத்தான் வெளியே வரும்.

மினுமினுக்கிற பித்தளை, செம்பு முனைகளில் கேமரா காட்டும் எண்ணை நம்பக் கூடாது. தேய்த்த உலோகம் தன் சூட்டைக் கதிராக விடுவது மிகக் குறைவு. சுற்றியிருப்பதைத்தான் பிரதிபலிக்கும். 90 டிகிரியில் இருக்கும் முனை 40 என்று தெரியலாம். பீங்கான், மரம், காரை, செங்கல் இவற்றில் அந்தத் தொல்லை இல்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். தண்ணீர் நேர் கீழே இறங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தளத்துக்குள் இறங்கிய தண்ணீர் தேக்குச் சட்டத்தில் பட்டதும் அதன் முதுகோடு ஓடி, எங்கே இடுக்கு கிடைக்கிறதோ அங்கே சொட்டும். ஆகவே சொட்டுகிற இடத்தை உடைத்தால் துளை கிடைக்காது. மேலே இருக்கிற நாக்கின் நுனியைத் திறக்க வேண்டும். கொத்தனார் குடம் ஊற்றிப் பார்த்த பிறகு.

ஆத்தங்குடி விடுதி
16 ஜனவரி, காலை 9:15

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் பழைய வீட்டில் நான்கு அறையை ஏசி போட்டு விடுதியாக நடத்துகிறோம். ஏசி அறையின் சுவரில், வெளியே வளவு (உள்முற்றம்) பக்கம் பூஞ்சை பிடிக்கிறது. கேமராவில் குளிர்ந்து தெரிகிறது. இதுவும் ஒழுகலா?

சூட்டுப்படம்
16 ஜனவரி, காலை 9:50

அநேகமாக இல்லை. வெளியே 32 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால், 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் காற்றிலிருக்கும் நீர் வேர்த்துப் படியும். அறைக்குள் நாள் முழுக்க 20-இல் ஏசி ஓடினால் சுவரின் வெளிமுகத்தில் சில இடங்கள் அந்த நிலைக்கு வரலாம், ஐஸ் தண்ணீர் டம்ளர் வெளியே வேர்ப்பது போல. சோதிக்க வேண்டுமானால் ஒரு அடி அலுமினியத் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் வெளிப்பக்கம் நனைந்தால் காற்றின் ஈரம். சுவர்ப்பக்கம் நனைந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. ஊசி குத்திப் பார்க்கும் ஈரமானியை மட்டும் நம்ப வேண்டாம், உப்பு ஏறிய பழைய சுவரில் அது ஈரத்தைக் கூட்டிச் சொல்லும். முதலில் ஏசியை 25, 26-இல் வைத்துப் பாருங்கள்.

காரைச்சாந்து
16 ஜனவரி, மாலை 6:30

போய்ப் பாத்தாச்சு. தொட்டிக்கு அடியில மூணு குடம் ஊத்துனோம், ஒண்ணும் இல்ல. தூம்பு வாய்க்கு முன்னாடி ரெண்டாவது குடத்துக்கே 20 நிமிஷத்துல கீழ சொட்ட ஆரம்பிச்சது, ஆச்சி சொன்ன அதே மூலையில. தொட்டி வழிஞ்ச தண்ணி தூம்புக்குப் போக வழியில்லாம தேங்கித் தேங்கி, வேர் போன தடத்துல எறங்கிருக்கு. சுவர் காரை விழுந்ததும் அதனாலதான். ஆசாரி எல்லாச் சட்டத்தையும் தட்டிப் பாத்தாரு. 17 சட்டத்துல 16 நல்லா இருக்கு. மேற்குச் சுவருக்குள்ள போற முனை ஒண்ணு மட்டும் முக்கால் அடிக்கு மெத்துனு இருக்கு.

வளவுக்காரி
18 ஜனவரி, இரவு 9:00

கூட்டம் முடிந்தது. பினாங்கிலிருந்து வந்த பெரிய மைத்துனர் கான்கிரீட்தான் நிரந்தரம் என்று உறுதியாக நின்றார். கம்பி இருக்கிற கான்கிரீட்டுக்கும் துரு என்ற நோய் உண்டு, அதற்காகவே காரைக்குடி சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) கம்பிப் பூச்சு ஆராய்ச்சி நடந்திருக்கிறது என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் கொடுக்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய இடம் அது. அதற்குப் பிறகும் பெரிய மைத்துனர் சம்மதிக்கவில்லை. இரண்டு படத்தையும், காலை எடுத்ததையும் மாலை எடுத்ததையும், பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். பிறகு மாடிக்கு அழைத்துப் போய் அந்த நாக்கின் மேல் கையை வைக்கச் சொன்னேன். வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். கீழே வந்து, "ஓரத்தை மட்டும் திறங்கள்" என்றார்.

பள்ளத்தூரான்
18 ஜனவரி, இரவு 9:40

மகிழ்ச்சி ஆச்சி. 17 சட்டத்தையும் தட்டிப் பார்த்தீர்கள் என்பதால் என் மனமும் நிம்மதி. எங்கள் வீட்டில் அன்று அதை யாரும் செய்யவில்லை.

வளவுக்காரி
6 பிப்ரவரி, மாலை 5:10

வேலை முடிந்தது. ஏழடிக்கு நான்கடி மட்டும் திறந்தார்கள். அரச வேர் கைப்பிடிச் சுவருக்குள் நாலடி போயிருந்தது, முழுதும் எடுத்தாயிற்று. மெத்தென்று இருந்த முனையை வெட்டிவிட்டு ஆசாரி புதுத் தேக்குத் துண்டை இணைத்தார். ஜல்லியைக் கொட்டிக் கடுக்காய்த் தண்ணீர் தெளித்து நான்கு பேர் ஐந்து நாள் தட்டினார்கள். தொட்டியைக் கிணற்றடிக்கு இறக்கித் தனித் தூண் கட்டியிருக்கிறோம், மிதவை வால்வும் போட்டாயிற்று. மின்பலகை முழுக்கப் புதியது. எல்லாம் சேர்த்து 2 லட்சத்து 35 ஆயிரம்.

இன்று காலை ஆசையாகக் கேமராவில் பார்த்தால் புதுசாகத் தட்டிய இடம் 2 டிகிரி குளிர்ந்து தெரிகிறது. மறுபடியும் ஒழுகுகிறதா?

காரைச்சாந்து
6 பிப்ரவரி, இரவு 8:00

இல்ல ஆச்சி. சுண்ணாம்பு இன்னும் காயல. உள்ள இருக்கிற தண்ணி மெதுவாத்தான் வெளிய போகும், அதுக்கு அவசரப்படுத்தக் கூடாது. மேல சாக்கு போட்டு நனைச்சு வெச்சிருக்கோம், அதையும் பத்து நாளைக்கு எடுக்காதீங்க. சித்திர வெயில் முழுசும் படட்டும். வைகாசியில படம் எடுங்க.

சூட்டுப்படம்
6 பிப்ரவரி, இரவு 8:20

அவர் சொல்வதுதான் சரி. வைகாசியில் அதே இடத்தில் நின்று, அதே 20 முதல் 32 அளவில், பொழுது இறங்கி ஒரு மணி நேரம் கழித்து எடுங்கள். அந்த மாதத்தில் தளம் 32-ஐத் தாண்டினால் அளவை 28 முதல் 40 என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஐப்பசி மழை முடிந்து நாலு நாள் வெயில் அடித்த பிறகு இன்னொரு முறை. இரண்டையும் இங்கேயே போடுங்கள், பழைய படங்களை நான் எடுத்து வைத்திருக்கிறேன்.